கலிஃபோர்னியா ரெசிடென்சி: 366 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

கேள்வியின் சுருக்கம்: எச்-1பி வேலை விசாவில் இருக்கும் ஒரு தந்தை. எடிசனில், நியூ ஜெர்சியில், பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் புது வேலை கிடைத்துச் சென்ற செப்டம்பர் 3ஆம் தேதி ஃப்ரீமான்ட் வந்தார். மனைவியும் மகளும் எடிசனிலேயே தங்கி, டிசம்பர் கடைசியில்தான் வந்து சேர்ந்தார்கள். மகள் எச்-4 (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா), வயது 17, 12ஆம் வகுப்பு. யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) கல்லூரிகளுக்கு நவம்பரிலேயே விண்ணப்பித்தாயிற்று. வரும் இலையுதிர் பருவத்தில் சேர வேண்டும். எடிசன் வீடு இன்னும் இவர்கள் பெயரில்தான் இருக்கிறது. இந்த ஆண்டு வரி ரிட்டர்ன் இன்னும் போடவில்லை. "எங்களுக்கு இன்-ஸ்டேட் கட்டணம் (மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம்) கிடைக்குமா? எந்த ஆபீஸில் ரெசிடென்சி சர்டிபிகேட் (மாநிலவாசி என்ற சான்று) வாங்க வேண்டும்? கலிஃபோர்னியா லைசென்ஸ் எடுத்தால் போதும் என்கிறார் நண்பர், சரியா? கோடையில் கோயம்புத்தூர் போய்வரலாமா?"

முதலில் அந்த சர்டிபிகேட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பொறியியல் கவுன்சலிங்கிற்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்டால் தாசில்தார் அலுவலகத்தில் ஒரு தாள் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அதோடு பேச்சு முடிந்தது. அமெரிக்காவில் அப்படி ஒரு தாளை வழங்கும் அலுவலகம் பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. வட கரோலினா ஒரு விதிவிலக்கு: ஒரு பொது மையம் வைத்து, மாணவருக்கு ஒரு ரெசிடென்சி எண் கொடுத்து, அதையே அந்த மாநிலக் கல்லூரிகள் எல்லாம் ஏற்கும்படி செய்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கல்லூரியும் தானே தீர்மானிக்கும். அதற்கென்று ஒவ்வொரு யூசி வளாகத்திலும் ரெசிடென்ஸ் டெபுடி என்று ஓர் அதிகாரி இருக்கிறார். அவர் உங்கள் ஓராண்டு வாழ்க்கையைத் தாள்கள் வழியாகப் பார்த்து முடிவெடுப்பார். லைசென்ஸ் அதில் ஒரு தாள், அவ்வளவுதான்.

பணம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் இந்த வேலையின் கனம் புரியும். யூசியில் வெளிமாநில மாணவர் வழக்கமான கட்டணத்தோடு கூடுதலாக ஒரு தொகை கட்ட வேண்டும். அது 34,200 டாலராக இருந்தது. 2025-26இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 37,602 டாலர் ஆனது. இது ஓராண்டுக்கு. நான்கு ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். வீட்டுக்கு முன்பணம் போடும் அளவுக்குத் தொகை வரும். அதனால்தான் "ஏதோ ஒரு லைசென்ஸ் எடுத்தால் போதும்" என்ற பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

யூசி பார்ப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, நீங்கள் உடலால் கலிஃபோர்னியாவில் 366 நாள் இருந்தீர்களா என்பது. இன்னொன்று, இதையே நிரந்தர வீடாக ஆக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு இருந்தீர்களா என்பது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். வந்து ஆறு மாதம் கழித்துத்தான் எண்ணம் உறுதியானது என்று உங்கள் தாள்கள் காட்டினால், கடிகாரம் அந்த ஆறாம் மாதத்தில்தான் தொடங்கும். அந்த 366 நாள் முடிந்திருக்க வேண்டிய கடைசி நாளுக்கு ரெசிடென்ஸ் தீர்மானத் தேதி என்று பெயர். இந்தத் தேதியைப் பலர் கவனிப்பதே இல்லை. உங்கள் விஷயத்திலோ எல்லாமே அதில்தான் இருக்கிறது.

எப்படி என்று பாருங்கள். நீங்கள் வந்தது செப்டம்பர் 3. இளநிலைப் படிப்பு இருக்கும் ஒன்பது யூசி வளாகங்களில் ஏழு குவார்ட்டர் முறையில், அதாவது ஏறத்தாழ மூன்று மாதப் பருவங்களாக, நடக்கின்றன. அவற்றுக்குத் தேதி செப்டம்பர் பிற்பகுதியில் வரும், வகுப்புகள் கடைசியாகத் தொடங்கும் வளாகத்தின் முதல் நாளை வைத்து. பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர் முறை. அங்கே வகுப்பு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது, தேதியும் அதுதான். ஆக டேவிஸ், சான் டியேகோ, அர்வைன், லாஸ் ஏஞ்சலஸ் போன்றவற்றுக்கு உங்கள் ஓராண்டு நிறைந்திருக்கும். பெர்க்லிக்கும் மெர்செடுக்கும் சில நாள் குறையும். அந்தச் சில நாளுக்காக முதல் செமஸ்டரில் மட்டும் ஏறத்தாழ 18,800 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டி வரலாம். கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக) கல்லூரிகளுக்கு இலையுதிர் பருவத் தேதி செப்டம்பர் 20. அங்கேயும் நீங்கள் தப்பித்துவிடுகிறீர்கள்.

பெர்க்லியில் இடம் கிடைத்து மகளுக்கும் அதுதான் விருப்பம் என்றால் இதற்காக மறுக்க வேண்டியதில்லை. முதல் செமஸ்டர் வெளிமாநிலக் கட்டணம் கட்டிவிட்டு, அடுத்த செமஸ்டருக்கு, மாநிலவாசியாக மாற்றச் சொல்லிக் கேட்கும் மறுவகைப்படுத்தல் மனு போடலாம். அது தானாக நடக்காது. ஒவ்வொரு பருவத்துக்கும் மனுவுக்குக் கடைசி நாள் உண்டு. அதைத் தவறவிட்டால் இன்னொரு பருவமும் முழுக்கட்டணம்தான். சேர்க்கை வந்த அன்றே அந்த நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

இனி உங்களைக் கவலைப்பட வைத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். மகள் டிசம்பரில்தானே வந்தாள், அவளுக்கு ஓராண்டு ஆகாதே? ஆகாதுதான். ஆனால் எண்ண வேண்டியது உங்கள் நாளை. மணமாகாத, 18 நிறையாத பிள்ளையின் வசிப்பிடம் அது யாரோடு வாழ்கிறதோ அந்தப் பெற்றோரின் வசிப்பிடம். செப்டம்பருக்குள் அவளுக்கு 18 முடிந்துவிட்டாலும் வழி இருக்கிறது: பெற்றோரில் ஒருவர் தேதிக்கு முன் ஓராண்டுக்கு மேல் கலிஃபோர்னியாவாசியாக இருந்து, பிள்ளை அவரைச் சார்ந்து இருந்தால், பிள்ளைக்குத் தன் ஓராண்டு நிறையும்வரை ரெசிடென்ட் வகைப்பாடு தரலாம் என்று கலிஃபோர்னியா கல்விச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதனால் உங்கள் வரி ரிட்டர்னில் மகளைச் சார்ந்திருப்பவராகக் காட்டுவது முக்கியம். அவளுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது, வரிக்கென்று தரப்படும் ஐடிஐஎன் எண் இருக்கும். அது காலாவதியாகவில்லையா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

மனைவி பின்னால் வந்ததும் உங்கள் நாள் கணக்கைக் கெடுக்காது. கணவனும் மனைவியும் வேறுவேறு மாநிலத்தில் வசிப்பிடம் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் டெபுடியின் மனதில் ஒரு கேள்வி எழும்: "குடும்பமும் வீடும் நியூ ஜெர்சியில், இவர் மட்டும் இங்கே. செப்டம்பரில் இவர் குடியேற வந்தாரா, வேலை பார்க்க வந்தாரா?" நீங்கள் தயார் செய்ய வேண்டியது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். எத்தனை தாள் கொடுக்கிறீர்கள் என்பதைவிட, எல்லாத் தாளும் செப்டம்பர் 3ஐ ஒட்டி ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதுதான் பார்க்கப்படும்.

அந்தக் கதையில் மிகக் கனமான சாட்சி வரி ரிட்டர்ன். நல்லவேளை, நீங்கள் இன்னும் போடவில்லை. கலிஃபோர்னியாவுக்குப் பகுதி ஆண்டு வசிப்பவராக 540என்ஆர் படிவம். நியூ ஜெர்சிக்கும் பகுதி ஆண்டு வசிப்பவராக, எந்தத் தேதிவரை அங்கே இருந்தீர்கள் என்று குறிப்பிட்டு. இரண்டிலும் உங்களுக்குச் செப்டம்பர் மாதமே திருப்புமுனையாக இருக்க வேண்டும். நான் பார்த்த குடும்பங்கள் சிலவற்றில், பழைய ஆடிட்டரிடமே கொடுத்து, அவர் போன ஆண்டு மாதிரியே முழு ஆண்டு நியூ ஜெர்சி ரெசிடென்ட் என்று போட்டுவிட்டார். வரியில் பெரிய வித்தியாசம் வராததால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் கல்லூரி அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்போது, "டிசம்பர் 31வரை நான் நியூ ஜெர்சிக்காரன்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளாக அது நிற்கும். அதைத் தாண்டி எந்த மின்கட்டண ரசீதும் உங்களைக் காப்பாற்றாது. உங்கள் மனைவியின் தேதி டிசம்பர், உங்களுடையது செப்டம்பர் என்பதால் கணக்கு சற்றுச் சிக்கல்தான். இரு மாநில ரிட்டர்ன் போட்டுப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். கல்லூரி ரெசிடென்சிக்காக இது பார்க்கப்படும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அடுத்தது வேலை. நிறுவனத்தின் நிரந்தர ஊழியராகக் கலிஃபோர்னியாவில் அமர்த்தப்பட்டவர் என்றால் நிம்மதி: ஆஃபர் லெட்டர், செப்டம்பர் முதல் கலிஃபோர்னியா வரி பிடித்த பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2. கன்சல்டிங் நிறுவனம் வழியாகக் கிளையன்ட் இடத்துக்கு அனுப்பப்பட்டவர் என்றால் ஒன்றைச் சோதியுங்கள். பெர் டியம் என்ற பெயரில் தங்கும் செலவுக்குப் படி வாங்கினீர்களா? அந்தப் படி, உங்கள் நிலையான இடம் வேறு, இங்கே தற்காலிகமாக வந்திருக்கிறீர்கள் என்ற அடிப்படையில் கொடுக்கப்படுவது. ஒரு கையால் அதை வாங்கிக்கொண்டு, மறு கையால் "நான் இங்கேயே குடியேறிவிட்டேன்" என்று எழுத முடியாது. புதிய முதலாளிதான் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இது உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் இதே நிலையில் இருக்கும் வேறு பலர் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

எடிசன் வீடு. சொந்த வீட்டை உடனே விற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அது பூட்டிய வீடாக, சாமான்களோடு, நீங்கள் திரும்பி வரக் காத்திருக்கும் வீடாகத் தெரியக் கூடாது. வாடகைக்கு விட்டிருந்தால் அந்த ஒப்பந்தம், விற்பனைக்குப் போட்டிருந்தால் தரகர் ஒப்பந்தம், இவை நல்ல சாட்சி. நியூ ஜெர்சியில் குடியிருப்பவர்களுக்கென்று வரும் சொத்துவரிச் சலுகை எதற்கும் நீங்கள் கிளம்பிய பிறகான காலத்துக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். கார் காப்பீடு இன்னும் எடிசன் விலாசத்தில் ஓடுகிறதா? இன்றே மாற்றுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் உங்கள் நண்பர் பாதி சரி. கலிஃபோர்னியாவில் குடியேறி 10 நாளுக்குள் லைசென்ஸ், 20 நாளுக்குள் கார் பதிவு மாற்ற வேண்டும் என்பது மாநில விதி. ஆகவே செப்டம்பரில் மாற்றியிருந்தால் அது உங்கள் எண்ணத்துக்குப் பலமான சாட்சி. மார்ச்சில்தான் மாற்றினேன் என்றால், அதுவரை என்ன எண்ணத்தில் இருந்தீர்கள் என்று கேட்பார்கள். தாமதத்துக்குக் காரணம் இருந்தால், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, எச்-1பி நீட்டிப்புத் தாள் வரவில்லை என்பது போல, அதற்கான மின்னஞ்சலை எடுத்து வையுங்கள். வெறும் விளக்கத்தைவிட அந்தக் காலத்தில் எழுதிய இரண்டு வரி மின்னஞ்சல் மேல்.

நம்மவர்கள் மறந்துபோகும் ஒரு நல்ல சாட்சி ஏஆர்-11. வெளிநாட்டவர் விலாசம் மாறினால் 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு இந்தப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஆன்லைனில் போட்டால் தேதியோடு உறுதித்தாள் வரும். நீங்கள் வந்த புதிதில் அதைப் போட்டிருந்தால், மத்திய அரசிடம் அந்தத் தேதியிலேயே "இதுதான் என் வீடு" என்று சொன்ன ஆவணம் கையில் இருக்கிறது. ஃப்ரீமான்ட் பணியிடம் குறித்த எச்-1பி மனுவின் ஐ-797 ஒப்புதலும் அதே வகை. வேலை செய்யும் ஊர் மாறினால் புது மனு வேண்டும் என்ற விதி இருப்பதால், அந்தத் தேதியும் உங்கள் கதையோடு ஒத்துப்போகும். கூடவே ஃப்ரீமான்ட் வாடகை ஒப்பந்தம், சாமான் ஏற்றிவந்த மூவர்ஸ் ரசீது, செப்டம்பர் முதல் வங்கி அறிக்கை. வங்கி அறிக்கையில் ஒரு நன்மை: மளிகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் எந்த ஊரில் நடந்தது என்று அது தானே சொல்லிவிடும். வார இறுதிகளில் எடிசன் போய் வந்திருந்தால் அதுவும் தெரியும். குடும்பத்தைப் பார்க்கப் போனது குற்றமில்லை, மறைக்க வேண்டாம்.

லைசென்ஸ் தரும் டிஎம்வி அலுவலகத்தில் நிற்கும்போது ஓர் எச்சரிக்கை. லைசென்ஸ் படிவத்தோடு வாக்காளர் பதிவுக் கேள்வியும் வரும். வலைத்தளங்களில் ரெசிடென்சி சாட்சிப் பட்டியலில் "வாக்காளர் பதிவு" என்று போட்டிருப்பதைப் பார்த்து யாராவது அதை டிக் செய்தால் பெரும் ஆபத்து. அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். எச்-1பி, எச்-4, கிரீன் கார்டு யாராக இருந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக அது பதிவானால் கிரீன் கார்டே கிடைக்காமல் போகலாம், நாட்டைவிட்டு வெளியேற்றப்படவும் வழி உண்டு. கல்லூரிக்கு அந்தச் சாட்சி தேவையும் இல்லை.

எச்-4 பிள்ளைக்கு இந்தச் சலுகை உண்டா என்பதே பலருக்குச் சந்தேகம். உண்டு. அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது, தெரிந்துகொள்வது நல்லது. வாஷிங்டனில் உலக வங்கி, பன்னாட்டு நிதியம் போன்ற அமைப்புகளில் வேலை பார்ப்பவர்கள் ஜி-4 விசாவில் மேரிலாந்தில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள், அங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணம் தர மேரிலாந்து பல்கலைக்கழகம் மறுத்தது. மொரேனோ என்ற மாணவர் பெயரில் அறியப்படும் அந்த வழக்கு 1978இல் ஒருமுறையும், 1982இல் இன்னொரு முறையும் உச்ச நீதிமன்றம் வந்தது. நாட்டுக்குள் நிலையாகக் குடியிருக்க மத்திய அரசே இடம் கொடுத்த ஒரு விசாக்காரருக்கு, மாநிலம் தன் பங்குக்கு ஒரு சுமையைக் கூட்ட முடியாது என்று 1982இல் தீர்ப்பானது. கலிஃபோர்னியாச் சட்டமும் அதே போக்கில்தான் இருக்கிறது: குடிவரவுச் சட்டம் இங்கே குடியேற்றம் அமைத்துக்கொள்ளத் தடை போடாத வெளிநாட்டவர் யாரும் ரெசிடென்ட் ஆகலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எல்-2 ஆகியவற்றுக்குத் தடை இல்லை. எஃப்-1 மாணவர், ஜே-1, பி-2 சுற்றுலா விசாவுக்குத் தடை உண்டு, ஏனென்றால் தாயகத்தில் உள்ள வீட்டைக் கைவிடும் எண்ணமில்லை என்று சொல்லித்தான் அந்த விசாவே வாங்கப்படுகிறது.

ஓராண்டு காத்திருக்கச் சொல்வது நியாயமா என்றும் அந்தக் காலத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். மினசோட்டாவின் ஓராண்டு விதியை 1971இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1973இல் கனெக்டிகட் விஷயத்தில், சேரும்போது வெளிமாநிலத்தவராக இருந்தால் படிப்பு முடியும்வரை வெளிமாநிலத்தவர்தான், மாற்றிக் காட்ட வாய்ப்பே இல்லை என்ற விதியை அடித்துவிட்டது. இன்று எந்தக் கல்லூரியிலும் மறுவகைப்படுத்தல் மனு என்று ஒன்று இருப்பதற்கு அந்தத் தீர்ப்பு முக்கியக் காரணம். ஆக அதிகாரி "இல்லை" என்று சொன்னால் மனம் உடைய வேண்டாம். நிரூபித்துக் காட்டும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நடைமுறை இப்படி இருக்கும். நவம்பரில் மகள் விண்ணப்பம் போட்டபோது எடிசன் பள்ளி, எடிசன் விலாசம் என்றுதான் கொடுத்திருப்பாள். அதனால் சேர்க்கைக் கடிதத்தில் வெளிமாநிலக் கட்டணம் போட்டு வரலாம். அது கடைசித் தீர்ப்பு அல்ல. சேருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு, வளாகத்தின் இணையதளத்தில் ஸ்டேட்மென்ட் ஆஃப் லீகல் ரெசிடென்ஸ் என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். பெற்றோர் எந்தத் தேதியில் வந்தார்கள், எந்த விசா, எந்த மாநிலத்தில் வரி, கோடை விடுமுறையில் எங்கே இருந்தார்கள் என்றெல்லாம் கேட்கும். இதை மகளிடம் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் தம் விஷயத்தை நினைத்து "டிசம்பரில் வந்தேன்" என்று எல்லா இடத்திலும் எழுதிவிடுவார்கள். பெற்றோர் பகுதியில் உங்கள் தேதி, அவள் பகுதியில் அவள் தேதி, இரண்டும் தனித்தனியாக, உண்மையாக இருக்கட்டும். கூடவே அரைப்பக்கக் கடிதம் ஒன்று இணையுங்கள்: வேலை மாறிய தேதி, குடும்பம் ஏன் பள்ளிக்காகத் தங்கியது, வீட்டை என்ன செய்தீர்கள். டிசம்பர்வரை தங்கியதற்குக் காரணம் 12ஆம் வகுப்பின் முதல் பாதி என்றால் பள்ளியிலிருந்து விலகிய தாளே அதை உறுதி செய்யும்.

யாராவது "என் வீட்டு விலாசத்தைப் போட்டு ஜூலையிலேயே லீஸ் எழுதிக்கலாம், பெர்க்லிக்கும் சேர்ந்து சரியாகிடும்" என்று உதவ வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடிபட்டால் கல்லூரி பழைய கட்டணம் அத்தனையும் கேட்கும், மகள் மீது ஒழுங்கு நடவடிக்கை வரும். விசாவில் இருக்கும் குடும்பத்துக்குப் பொய் ஆவணம் அதைவிடப் பெரிய சேதம். ஒரு செமஸ்டர் கட்டணம் போனால் போகட்டும்.

இன்-ஸ்டேட் கட்டணத்தையும் நிதியுதவியையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரெசிடென்ட் என்று வகைப்படுத்தினாலும் எச்-4 மாணவருக்கு மத்திய அரசின் கல்விக் கடனோ, பெல் கிராண்ட் என்ற உதவித்தொகையோ கிடைக்காது. சேமிப்பைத் திட்டமிடும்போது இதைக் கணக்கில் வையுங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஓலோனி போன்ற உள்ளூர் கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து யூசிக்கு மாறுவது மதிப்புக் குறைந்த வழி அல்ல. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர்தான், நான் நிறையக் குடும்பங்களுக்குத் தயங்காமல் சொல்லும் வழி அது. மேற்கு மாநிலங்களுக்கு இடையே டபிள்யூயுஇ என்ற ஏற்பாடும் உண்டு. நெவாடா ரீனோ போன்ற கல்லூரிகளில், அந்த ஏற்பாட்டில் இடம் கிடைத்தால், கலிஃபோர்னியா மாணவர் அந்த மாநிலவாசி கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை.

டெக்சஸில் இருந்து இதே கேள்வியைக் கேட்பவர்களுக்கும் இரண்டு வரி. அங்கே 12 மாதம். கணக்குப் பார்க்கும் நாள் சென்சஸ் தேதி, அதாவது முழு செமஸ்டரின் 12ஆவது வகுப்பு நாள். மாநில வருமான வரி கிடையாது என்பதால் ரிட்டர்னைக் காட்ட முடியாது; வேலை, வீடு, பிள்ளையை வரியில் சார்ந்தவராகக் காட்டிய மத்திய ரிட்டர்ன் இவைதான் பேசும். எச்-1பி, எச்-4 குடும்பங்கள் அங்கேயும் தகுதி பெறலாம். 2025 ஜூன் 4இல் டெக்சஸின் பழைய சட்டம் ஒன்றை ஒரே நாளில் வழக்குப் போட்டு நீதிமன்றம் நிறுத்தியதைப் பார்த்துப் பலர் பயந்துபோனார்கள். அந்த உத்தரவு சட்டப்படியான அனுமதி இல்லாமல் இருப்பவர்களைப் பற்றியது. எம்எஸ் படிக்க எஃப்-1இல் வரும் நம் பிள்ளைகளுக்கு ரெசிடென்சி வழி மூடியிருந்தாலும், டெக்சஸ் பொதுக் கல்லூரிகளில் போட்டியில் வென்ற குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் ஒன்று இருந்தால் உள்மாநிலக் கட்டணம் தரச் சட்டம் இடமளிக்கிறது. பாதி நேரமாவது டிஏ (கற்பித்தல் உதவியாளர்) அல்லது ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்) வேலை கிடைத்தாலும் அப்படித்தான். சேர்க்கை வந்த உடனே துறைக்கு எழுதிக் கேட்க வேண்டிய விஷயம் இது.

உங்கள் மகளுக்குத் திரும்புகிறேன். இன்னும் நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் யோசிக்க வேண்டிய ஒன்று அவளுடைய 21ஆவது பிறந்தநாள். அன்றோடு எச்-4 முடிகிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பால் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் வராவிட்டால் அவள் எஃப்-1க்கு மாற வேண்டும். எஃப்-1க்கு மாறினால் குடியேற்றம் அமைக்கும் உரிமை போய், கட்டணமும் வெளிமாநிலக் கணக்குக்கு மாறும். மூன்று ஆண்டு கலிஃபோர்னியாப் பள்ளியில் படித்தவர்களுக்கு உள்ள ஏபி 540 என்ற சட்டத்தின் சலுகையும் அவளுக்குக் கிடைக்காது, ஏனென்றால் அவள் இங்கே படிப்பது ஒரு பாதி ஆண்டுதான். 17 வயதில் இப்போது சேர்ந்தால் பெரும்பாலும் கடைசி ஆண்டின் நடுவில் அந்த நாள் வரும். பள்ளியிலேயே எழுதும் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் தேர்வுகளில் கிடைத்த யூனிட்டுகளை வைத்து மூன்றரை ஆண்டிலோ மூன்றிலோ முடிக்க முடியுமா என்று முதல் ஆண்டிலேயே கல்வி ஆலோசகரோடு உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்தவரை இதை முதல் ஆண்டில் திட்டமிட்டவர்களுக்குச் சுமை வெகுவாகக் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொண்டவர்களுக்கு வழி ஏதும் மிச்சமில்லை.

கடைசியாக, கோடையில் கோயம்புத்தூர் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். சில வாரம் ஊர் போய்வருவதால் வசிப்பு அறுந்துவிடாது. திரும்பும் டிக்கெட், ஃப்ரீமான்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வாடகை, வேலை எல்லாம் இருக்கின்றன. ஆனால் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி, சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிதாக வாங்க வேண்டிய நிலை என்றால், இந்தக் கோடை வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். கூடுதல் சரிபார்ப்பு என்று பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டால் ஆகஸ்டு, செப்டம்பர் அங்கேயே கழியும். உங்கள் 366 நாள் முடியும் இடத்தில் நீங்கள் இந்தியாவில் மாட்டிக்கொண்டு டெபுடிக்கு விளக்கம் எழுதும் நிலை வரக் கூடாது. மனைவியும் மகளும் போக வேண்டியிருந்தாலும் முத்திரை செல்லுபடியாகிறதா என்று பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். தாத்தா பாட்டியை டிசம்பர் விடுமுறையில் போய்ப் பார்க்கலாம்.